கேள்வி கேட்டுப் புல்லி போட்டவர்

கீரனூர்ச் சந்தையில் கத்தரிக்காய் விற்கிற அம்மாள், அவர் சைக்கிளைத் தூரத்தில் பார்த்ததுமே கூடையின் மேல் சாக்கைப் போட்டு மூடிவிடுவாள்.

"தீந்துபோச்சுங்க."

அவர் சாக்கின் நுனியைத் தூக்கிப் பார்த்து, "இருக்கே?" என்பார்.

"இருக்கு. ஒங்களுக்கு இல்லை. ஒங்க ஒருத்தருக்குக் கத்தரிக்கா குடுக்குற நேரத்துல நான் கூடைய வித்துட்டு ஊரு போய்ச் சேந்துருவேன்."

அவள் சொன்னதில் பொய் இல்லை. எந்தக் கொல்லைக் காய், கிணற்றுத் தண்ணீரா கம்மாய்த் தண்ணீரா, காலையில் பறித்ததா நேற்றே பறித்ததா, எண்ணெயில் வதக்கினால் நிற்குமா குழைந்துவிடுமா என்று எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு, "அப்ப வெண்டைக்காயே வாங்கிக்கிறேன்" என்று போய்விடுவார். வெண்டைக்காய்க்காரியும் அதற்குள் சாக்கைத் தேடிக்கொண்டிருப்பாள்.

எங்கள் பக்கத்தில் மிஷின் பழுது பார்க்கும் பிட்டர் என்றால் அவர்தான். பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, அதனால் இங்கேயும் எழுதவில்லை. சொந்த ஊர் ஆவூர். திருக்கோகர்ணத்தில் ஒரு லேத்துப் பட்டறைக்குப் பின்னால் அறை எடுத்துத் தங்கியிருந்தார். ஆயில் எஞ்சின், நெல் மில், செக்கு, கிணற்றுப் பம்ப் என்று எது நின்றாலும் அவருக்குத்தான் ஆள் போகும். சைக்கிளின் பின்னால் ஒரு சாக்கு, அதற்குள் சின்னதும் பெரியதுமாக, பெல்ட் ஓடும் இரும்புச் சக்கரங்களான புல்லிகள். கைப்பிடியில் தொங்குவது புல்லர். அது மூன்று கால் உள்ள இரும்புக் கொக்கி, நடுவில் நீளமான திருகு. ஷாஃப்டில், அதாவது சுற்றும் இரும்புத் தண்டில், இறுகிப்போன புல்லியை அதன் கால்கள் பின்னாலிருந்து பிடித்துக்கொள்ளும். திருகு ஷாஃப்டின் நெற்றியில் முட்டி நிற்கும். திருகத் திருகப் புல்லி தானாக வெளியே வரும். எங்கள் ஊர்க் குழந்தைகள் அதற்கு நண்டு என்று பெயர் வைத்திருந்தார்கள்.

ஒரு புல்லி வேண்டும் என்று யாராவது கேட்டால் போதும், அவர் சைக்கிளைச் சாய்த்துவிட்டு உட்கார்ந்துவிடுவார். என்ன வேலைக்கு? என்ன பாரம்? ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் ஓடும்? எடம் எவ்வளவு இருக்கு? இந்த நான்கும்தான் முதல் கேள்விகள். பதில் சொல்லச் சொல்ல அவற்றுக்குள்ளிருந்து வேறு கேள்விகள் வரும். "ஐயா, எனக்குப் புல்லியே வேணாம், கையாலயே எறைச்சுக்கிறேன்" என்று ஒரு விவசாயி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனது எங்கள் கண் முன்னால் நடந்தது.

ஆனாலும் அவர் போட்டுக் கொடுத்த புல்லியை இன்னொருவர் வந்து மாற்றியதாக நான் கேள்விப்பட்டதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

கோயிலிலும் இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுவார். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் காற்று வரும், எங்கே உட்கார்ந்தால் பிரசங்கம் கேட்கும் என்று பார்த்துப் பார்த்து, கடைசியில் முதல் மணி அடிக்கும்போது வாசலோரம் நின்றுகொண்டிருப்பார். ஒருமுறை என் காது ஓலை தொலைந்துபோனது. "அந்தோனியாருக்கு ஒரு திரி ஏத்துறேன்னு நேந்துக்கிட்டேங்க" என்று அவரிடம் சொன்னேன். "எந்த அந்தோனியாருங்க? வனத்து அந்தோனியாரா, பதுவை அந்தோனியாரா?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் நேர்ந்திருந்தேன். அதற்கப்புறம் இரண்டு பேருக்கும் ஏற்ற வேண்டியதாயிற்று. ஓலை உரல் குழிக்குள் கிடைத்தது. யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்லுவார். வாலிபத்தில் மணமேல்குடிப் பக்கம் ஒரு பெண் பார்க்கப் போனாராம். பெண்ணின் தகப்பனாரிடம் ஒவ்வொன்றாக விசாரித்துக்கொண்டே இருந்தாராம். கொண்டுவந்த காப்பி ஆறிப்போய்விட்டது. அந்தப் பெரியவர் எழுந்து, "தம்பி, நீங்க பொண்ணு பாக்க வந்தீங்களா, எஞ்சின் வாங்க வந்தீங்களா?" என்று கேட்டாராம்.

"அவரு கேட்டது நல்ல கேள்விங்க" என்பார் பிட்டர். "எனக்குப் பதில் சொல்லத் தெரியலை."

எங்களுக்கு ஆவூரில் ஒரு சின்ன நெல் மில் இருந்தது. என் மாமனார் வைத்தது. என் வீட்டுக்காரர் பெயருக்குத்தான் முதலாளி. மில்லை ஓட்டியது அவருடைய தங்கை ஆரோக்கியம். நெல்லைக் கொட்டுவது, பெல்ட் மாட்டுவது, அரிசியைக் கையில் அள்ளிப் பார்த்து மிஷினைக் கூட்டிக் குறைப்பது எல்லாம் அவள்தான். தலை முழுக்கத் தவிடு ஒட்டியிருக்கும். வாய் ஓயாது. என்னை மதினி மதினி என்று சுற்றி வருவாள். எனக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லாத குறையை ஆண்டவர் அவளைக் கொடுத்துத் தீர்த்தார்.

அவளுக்குக் கல்யாண வயது கடந்துகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் நல்ல மனிதர், செபமாலை சொல்லாமல் படுக்க மாட்டார். ஆனால் எதையும் சுத்தியலால் முடிக்கிறவர். கதவு இறுகினால் சுத்தியல், ஆணி வளைந்தால் சுத்தியல். தங்கை கல்யாணத்தையும் அப்படித்தான் முடிக்கப் பார்த்தார். கீரனூரில் ஒரு கடைக்காரர் வீட்டிலிருந்து பேச்சு வந்தது. வசதியான குடும்பம். அவர்கள் சொன்னது ஒன்றே ஒன்றுதான்: பெண் இனி மில்லுப் பக்கம் தலை காட்டக் கூடாது.

"அப்ப வேணாம்" என்றாள் ஆரோக்கியம்.

"வேணாம்னு சொல்ல நீ யாருடி?"

"கட்டிக்கிறவ நாந்தானே அண்ணே!"

"தவக்காலத்துல நல்ல காரியம் பேசக்கூடாது. சாமி உயிர்க்கிற பாஸ்குத் திருநா முடியட்டும். அதுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை அவங்க வர்றாங்க, நான் வாக்குக் குடுக்கப் போறேன். முடிஞ்சுபோச்சு."

அன்று இரவு அவள் கஞ்சி குடிக்கவில்லை. வாயாடியின் வாய் மூடியிருந்தால் வீடு எப்படி இருக்கும் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தத் தவக்காலத்தில்தான் ஊருக்குக் கரண்டு வந்தது. என் வீட்டுக்காரர் எஞ்சினை நிறுத்திவிட்டுத் திருச்சியிலிருந்து மோட்டார் வாங்கி வந்தார். அங்கேதான் சிக்கல் வந்தது. பழைய எஞ்சினில் இருந்த பெரிய புல்லி சாதாரணப் புல்லி இல்லை. மாமனார் மில்லைத் திறந்த அன்று சாமியார் வந்து செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து மந்திரித்த புல்லி அது. உள்பக்கம் வெள்ளைச் சாயத்தில் ஒரு சிலுவை போட்டிருந்தது. வாரம் தவறாமல் அதைத் துடைத்துவிட்டு நான் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்வேன். அதைக் கழற்றிப் பழைய இரும்பில் போடுவதா? எங்கள் இருவருக்குமே மனம் வரவில்லை.

"மோட்டாருக்கும் இதே புல்லிதான்" என்றார் என் வீட்டுக்காரர். நானும் "ஆமாங்க" என்றேன்.

பிட்டருக்கு ஆள் விட்டால் அவர் கேள்வி கேட்டே பாஸ்குவைத் தாண்டிவிடுவார் என்று, என் வீட்டுக்காரரே புதுக்கோட்டையில் வேறொரு பட்டறையில், துவாரம் ஷாஃப்டுக்குப் பொருந்த உள்ளே போடும் புஷ் என்ற வளையம் கடைந்து வாங்கி, மோட்டார் ஷாஃப்டில் வைத்துச் சுத்தியலால் அடித்து ஏற்றினார். ஆப்பையும் அடித்து இறுக்கினார். கும்பிட்டுவிட்டு ஸ்விட்சைப் போட்டார்.

எஞ்சின் யானை மாதிரி நிதானமாகச் சுற்றும். மோட்டார் அப்படியில்லை, ஸ்விட்சைப் போட்டதும் பறக்கும். பெரிய புல்லி சின்னதை ஓட்டினால் சின்னதன் வேகம் இன்னும் கூடும். நெல் மிஷினில் இருந்தது சின்னப் புல்லி. மிஷின் ஊளையிட்டது. கூரை ஓடுகள் தடதடத்தன. பெல்ட் கழன்று பாம்பு மாதிரி பாய்ந்து சுவரில் அடித்து விழுந்தது. அதற்குள் உள்ளே போன நெல் எல்லாம் நொய்யாக வந்துவிட்டது. அது மேலத்தெரு சவரியம்மாள் பாஸ்குச் சாப்பாட்டுக்கென்று அவித்துக் காயவைத்துக் கொண்டுவந்த நெல்.

சவரியம்மாள் நொய்யைக் கையில் அள்ளி எல்லோருக்கும் காட்டினாள். "பாத்துக்கங்க. பாஸ்கு அன்னைக்கு உயிர்த்த சாமிக்கு இவங்க வீட்டுல கஞ்சிதான். நாம எல்லாரும் நோன்ப நீட்டிக்க வேண்டியதுதான்!"

ஆரோக்கியம் தன் பங்கு அரிசியை எடுத்துக் கொடுத்து அவளை அனுப்பி வைத்தாள். பிறகு அண்ணனைப் பார்த்தாள். அவரே, "போய் அந்தக் கேள்விக்காரரக் கூட்டிட்டு வரச் சொல்லு" என்றார்.

குருத்து ஞாயிற்றுக்கு முந்தின நாள் காலையில் பிட்டர் வந்தார். மோட்டாரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார்.

"அடிச்சா ஏத்துனீங்க?"

"லேசாத் தட்டுனேன்."

"லேசாவா?" ஷாஃப்டின் நுனி காளான் மாதிரி விரிந்திருந்ததைத் தடவினார். "உள்ள பேரிங் இருக்குங்க. அதுக்கு வாயில்லை, வலிச்சாலும் சொல்லாது."

பிறகு இரண்டு கால் புல்லரையும் மூன்று கால் புல்லரையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உட்கார்ந்துகொண்டார். எதை எடுப்பது என்று யோசனை. என் வீட்டுக்காரருக்குப் பொறுக்கவில்லை.

"எதையாச்சும் மாட்டுங்க பிட்டரே! அந்தப் பெரிய வெளிம்பப் புடிச்சு இழுங்க, வந்துரும்."

"வெளிம்புதான் வரும். வார்ப்பு இரும்பு, அப்பளம் மாதிரி ஒடைஞ்சிரும். நடுக்குடத்தப் புடிச்சு இழுக்கணும். ரெண்டு காலு போட்டா ஒரு பக்கம் சாயும். மூணு காலும் சமமாப் புடிச்சாத்தான் நேரா வரும்." விரிந்த நுனியை அரத்தால் ராவி, ஆப்பை உருவி எடுத்துவிட்டு, புல்லியின் ஆரங்களுக்கு ஊடே புல்லரின் கால்களை விட்டுக் குடத்தைப் பிடிக்கவைத்தார். மண்ணெண்ணெய் ஊற்றினார். ஒரு திருகு திருகிவிட்டு, சுவரில் சாய்ந்துகொண்டார்.

"என்ன, அவ்வளவுதானா?"

"எண்ணெய் எறங்கட்டும். அதுக்கு அவசரம் கெடையாது."

என் வீட்டுக்காரர் சுத்தியலை எடுத்தார். ஆரோக்கியம் அதை வாங்கித் தவிட்டுக் குவியலுக்குள் புதைத்து வைத்தாள். "தேடுறதுக்கு இன்னைக்கு அந்தோனியாருதான் வரணும்" என்றாள். பிட்டர், "எந்த அந்தோனியாரு?" என்று தொடங்கி, அவள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அவர் ஒரு கேள்வியை நடுவில் நிறுத்தியதை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, இடையிடையே காத்திருந்து, மத்தியானத்துக்குள் புல்லி 'டக்' என்று ஒரு சத்தம் போட்டு நகர்ந்தது. அப்புறம் குழந்தை மாதிரி கைக்கு வந்தது. சிலுவையில் ஒரு கீறல் கூட இல்லை. நான் அதை முந்தானையால் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

"இதுக்குப் பதிலா எதப் போடுறது?" என்று பிட்டர் சாக்கைக் கொட்டினார். அடுத்தது புல்லி தேர்வு. ஒவ்வொன்றாக எடுத்து, நூல் பிடித்து அளந்து, வைத்தார். இது வேகம் அதிகம். இது பாரம் தாங்காது. இதில் பெல்ட் வழுக்கும். சின்னப் புல்லிகளின் நடுவில் உட்கார்ந்துகொண்டு கரித்துண்டால் தரையில் கணக்குப் போட்டார், அழித்தார், மறுபடி போட்டார். வெளியே நெல் மூட்டையோடு பெண்கள் வந்து காத்திருந்தார்கள். சவரியம்மாளும் வேடிக்கை பார்க்க வந்திருந்தாள்.

ஆரோக்கியம் இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தாள். மோட்டாரைப் பார்த்தாள், நெல் மிஷினைப் பார்த்தாள்.

"ஏங்க, மிஷினுல கெடக்குற சின்னதக் கழட்டி மோட்டாருல மாட்டுங்க. மந்திரிச்ச பெருசக் கொண்டுபோய் மிஷினுல மாட்டுங்க. இது அங்கிட்டு, அது இங்கிட்டு. எடத்த மாத்தினாப் போதாதா?"

பிட்டர் நிமிர்ந்தார். தரையில் கணக்குப் போட்டார். சின்னது பெரியதை ஓட்டினால் பெரியது நிதானமாகச் சுற்றும். எஞ்சின் காலத்தில் மிஷின் ஓடிய வேகம் ஏறக்குறைய அப்படியே வந்தது. இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார், அதேதான் வந்தது. கரித்துண்டைக் கீழே வைத்தார். அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை.

"என்னங்க, தப்பாச் சொல்லிட்டேனா?"

இல்லை என்று தலையை மட்டும் ஆட்டினார். புல்லிகளை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் திருக்கோகர்ணம் போய்ப் புஷ் கடைந்து வந்து, இருட்டும் முன்னால் மாட்டிக் கொடுத்தார். மிஷின் பூனைக்குட்டி மாதிரி முனகிக்கொண்டு ஓடியது. அரிசி முழுசு முழுசாக விழுந்தது. சவரியம்மாள் ஒரு கைப்பிடி அள்ளிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் அன்னைக்கே நாங் கத்துனேன்" என்றாள், தன்னால்தான் எல்லாம் சரியானது போல.

மறுநாளே பிட்டர் வந்தார். பெல்ட் தொய்ந்திருக்கிறதா என்று பார்க்க. திங்கள்கிழமையும் வந்தார். பெரிய வெள்ளியன்று கோயில் மணியே அடிக்காது, மிஷின் எங்கே ஓடும்? அன்றும் பெல்ட் பார்க்க வந்தார். வருவார், பெல்ட்டை அமுக்கிப் பார்ப்பார், ஆரோக்கியம் கொடுக்கும் மோரைக் குடித்துவிட்டுப் போவார். ஊரையே கேள்வி கேட்டுத் துரத்திய மனிதருக்கு எங்கள் மில்லுக்குள் வந்தால் ஒரு கேள்வியும் வருவதில்லை.

எனக்கு விளங்கிவிட்டது. அவளுக்கும் விளங்கியது. மோரில் உப்பு சரியாக இருக்கிறதா என்று என்னைக் குடித்துப் பார்க்கச் சொன்ன நாளிலேயே அதைத் தெரிந்துகொண்டேன். ஆனால் அவர் வாய் திறக்க வேண்டுமே! பாஸ்குப் பூசையில் எல்லோரும் சந்தோஷமாகப் பாடும்போது நான் சூசையப்பர் சுரூபத்துக்கு முன்னால் முழங்காலில் இருந்தேன். 'தகப்பனே, நீரும் தச்சுப் பட்டறைக்காரர். இந்த மனுஷனுக்கு எல்லாக் கேள்வியும் கொடுத்தீர். அந்த ஒரு கேள்வியையும் கொடும், உமக்கு ஒரு திரி ஏத்துறேன். வர்ற ஞாயித்துக்கிழமை கீரனூர்க்காரங்க வந்துருவாங்க' என்று மன்றாடினேன்.

பாஸ்குவுக்கு அடுத்த வெள்ளிக்கிழமையும் ஆயிற்று. பிட்டர் வந்து பெல்ட்டை அமுக்கினார்.

ஆரோக்கியம் ஸ்விட்சை அணைத்தாள். நான் உமி அள்ளிக்கொண்டிருந்தேன், முறத்தோடு அப்படியே நின்றுவிட்டேன்.

"பிட்டரே, ஒருத்தரு புல்லி வேணும்னு வந்தா மொதல்ல என்ன கேப்பீங்க?"

அவர் முகம் தெளிந்தது. தெரிந்த விஷயம் அல்லவா! "என்ன வேலைக்கு, என்ன பாரம், எவ்வளவு நேரம் ஓடும், எடம் எப்படி."

"சரி. இன்னைக்கு நாங் கேக்குறேன், நீங்க சொல்லுங்க. தினம் இங்கிட்டு வர்றீங்களே, என்ன வேலைக்கு?"

"பெல்ட்டு கொஞ்சம்..."

"பெல்ட்டு நல்லாருக்கு."

அவர் சைக்கிளைத் திரும்பிப் பார்த்தார். அது வெளியே நின்றது, உதவிக்கு வரவில்லை. "ஒங்களப் பாக்கத்தாங்க" என்றார்.

"பாரம் தாங்குவீங்களா? எனக்கு வாய் அதிகம். எங்க மதினியக் கேட்டுப் பாருங்க."

நான், "அதிகந்தாங்க" என்றேன். பொய் சொல்லக் கூடாதே.

"தாங்குவேன்."

"எவ்வளவு நாளு ஓடும்?"

"தேயுற வரைக்கும்."

ஆரோக்கியத்தின் குரல் அதுவரை கெட்டியாகத்தான் இருந்தது. கடைசிக் கேள்விக்குத்தான் இறங்கியது. "எடம்? நான் இந்த மில்ல விட்டுட்டு எங்கிட்டும் வர மாட்டேன்."

"நான் வந்துர்றேன்" என்றார் பிட்டர். யோசிக்கவே இல்லை. "நீங்கதானே சொன்னீங்க. எடத்த மாத்தினாப் போதும்னு."

பின்னால் ஏதோ கனமாக விழுந்தது. என் வீட்டுக்காரர் எஞ்சின் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். அவர் கையிலிருந்து நழுவியது அந்தச் சுத்தியல்தான். எப்படியோ தவிட்டிலிருந்து தோண்டி எடுத்திருக்கிறார். தங்கையைப் பார்த்தார். பிட்டரைப் பார்த்தார். நான் மனதுக்குள் 'அருள் நிறைந்த மரியே' சொல்லத் தொடங்கினேன். பாதி செபத்தில் பிட்டர் இரண்டு எட்டு வைத்துப் போய்ச் சுத்தியலை எடுத்து, தூசி துடைத்து, அவர் கையிலேயே கொடுத்தார்.

"இந்தாங்க மச்சான்" என்றார்.

அதுவரை அவரை மில்லுக்காரரே என்றுதான் கூப்பிட்டு வந்தவர். என் வீட்டுக்காரர் அந்தச் சுத்தியலை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னிடம், "அந்த வெள்ளச் சட்டைய எடு. கீரனூர் பஸ் போறதுக்குள்ள போய்ச் சொல்லிட்டு வந்துர்றேன். அவங்க பொறப்பட்டு வந்தப்பறம் சொன்னா மரியாதையா இருக்காது" என்றார். வாசல் வரை போய்த் திரும்பி, "ஏன்டி, மொதல்லயே சொல்லக்கூடாதா?" என்று தங்கையைக் கேட்டார்.

"நீங்க அடிச்சுக்கிட்டே இருந்தீங்க. சத்தத்துல கேக்கலை" என்றாள் ஆரோக்கியம். அதைச் சொல்லும்போதே அழுதுவிட்டாள், சிரித்துக்கொண்டுதான்.

நேர்ந்துகொண்ட மெழுகுதிரியை வாங்கப் பிட்டரையே அனுப்பியது என் புத்திக் குறைவு. எவ்வளவு நேரம் எரியும், காற்றுக்கு நிற்குமா, உருகினால் வழியுமா என்று கேட்டுக் கேட்டு, பொழுது சாய்ந்துதான் கொண்டுவந்தார். ஆனால் நல்ல திரி. சூசையப்பர் முன்னால் அணையாமல் எரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசையில் கல்யாண ஓலை வாசித்தார்கள். சாமியார் மாப்பிள்ளை, பெண் பெயர்களைப் படித்து, இந்த விவாகத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று வழக்கம்போல் சொல்லிவிட்டு நிறுத்தினார். கோயிலே திரும்பிப் பிட்டரைத்தான் பார்த்தது. கத்தரிக்காய் வாங்கத் தெரியாத மனிதர், இவ்வளவு பெரிய காரியத்தில் சும்மா இருப்பாரா? சாமியாருக்கும் அதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவரைப் பார்த்து, "ஒமக்கு ஏதாவது கேக்கணுமா?" என்றார்.

சிரிப்புச் சத்தம் அடங்கும் வரை பொறுத்திருந்துவிட்டு, வாசலோரமிருந்து பிட்டர் எழுந்து கைகட்டி நின்றார்.

"இல்லைங்க சாமி. கேக்க வேண்டியதெல்லாம் அவங்களே கேட்டுட்டாங்க."

என் பக்கத்தில் ஆரோக்கியம் முக்காட்டை முகம் தெரியாமல் இழுத்து விட்டுக்கொண்டாள்.